டெக்வென் வீட்டு விருந்தினர் தாள்

அன்றைக்கு டெக்வென் வீட்டுச் சமையலறையில் நடந்த பேச்சு நெஸ்டாவுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. அவளுக்கு அப்போது பதினேழு வயது. ஈஸ்டர் விடுமுறை, சனிக்கிழமை மதியம், வெளியே நிற்காத சாரல். டெக்வென் மேசை விரிப்பை ஒரு பக்கமாக மடித்துவிட்டு, இடம் ஒழித்துக் கொடுத்தாள்.

"உக்காரு. ரொட்டி தின்னுக்கிட்டே எழுது. வெண்ணெய் பூசித்தான் வெச்சிருக்கேன்."

"எத்தனை தாள், ஆன்ட்டி?"

"ஒண்ணுதான். தங்க வர்றவங்களோட நாலு ரூமுக்கும் அதையே காப்பி எடுத்துக்கலாம். வெல்ஷ்ல நான் எழுதி வெச்சுட்டேன். நீ அதை இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்தாப் போதும்."

"உங்களுக்கே இங்கிலீஷ் தெரியுமே."

"எனக்குத் தெரிஞ்சது கடைத்தெரு இங்கிலீஷ். முட்டை எப்படி வேணும், டீயில பால் ஊத்தவான்னு கேக்கற வரைக்கும் வரும். பேனாவைக் கையில எடுத்தா நின்னுடும். நீதான் ரெண்டு பாஷையிலயும் முதல் மார்க்காமே. உங்கம்மா சேப்பல் வாசல்ல சொல்லிச் சொல்லி எங்க காதெல்லாம் தேஞ்சு போச்சு."

நெஸ்டா தலையைக் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினாள். காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு. வெந்நீர் ஒன்பது வரைக்கும். சேறு படிந்த செருப்பை வாசலில் கழற்றவும். இதெல்லாம் சுலபமாக வந்தது. கடைசியில் இரண்டு வரி: வீட்டுக்குப் பின்னால் பாதை ஏறினால் குழி. வெயில் அடித்தால் தண்ணீர் நீலமாக இருக்கும், பார்க்க நன்றாக இருக்கும்.

"குழின்னு போட்டா நல்லா இருக்காது, ஆன்ட்டி. யாரோ ரோட்டுல தோண்டிப் போட்ட மாதிரி கேக்கும். குளம்னு போடவா?"

"போடு. குளம்னு ஒருத்தர் சொல்லிக் கேட்டிருந்தா எங்க வீட்டுக்காரர் சிரிச்சிருப்பார்."

"பார்க்க நன்றாக இருக்கும்ங்கறது மொட்டையா இருக்கு." நெஸ்டா பென்சிலைக் கடித்தாள். "இன்வைட்டிங்னு போடலாம்."

"அப்படின்னா?"

"வா வான்னு கூப்பிடற மாதிரி இருக்கறது. கதவு திறந்திருக்கற வீடு, அடுப்பு எரியற ரூம், விரிச்சு வெச்ச படுக்கை, இதையெல்லாம் பாத்தா அப்படிச் சொல்லுவாங்க. நிஜமா யாரும் கூப்பிட வேண்டாம்."

டெக்வென் டீக்கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள். "அந்தத் தண்ணியா? அது யாரைக் கூப்பிட்டுது? கூப்பிட்டாலும் எவ போவா?"

"சும்மா ஒரு வார்த்தைதான், ஆன்ட்டி. இங்கிலீஷ்காரங்களுக்குப் பிடிக்கும்."

"மிசஸ் பாரியும் ரூம் விடறாளே, அவ வீட்டுத் தாள்ல இருக்கா?"

"மூணு இடத்துல. ஹால், படுக்கை, அப்புறம் காலைச் சாப்பாடு."

"சாப்பாடுமா? அவ பொரிக்கற முட்டை ஆளைக் கூப்பிடாது, துரத்தும். சரி, அப்போ நமக்கும் ஒண்ணு போட்டுடு. நல்லா போட்டு எழுது, கண்ணு. நாலு பேர் படிச்சா மறுபடியும் வந்து தங்கணும்னு தோணணும்."

நெஸ்டா எழுதினாள். வாய்விட்டுப் பேசுவதைவிடத் தாளில் எழுதுவது எப்போதுமே எளிதாக வரும் பெண் அவள். தான் எழுதியதில் அந்த ஒரு வரி அவளுக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. சாரலில் வீட்டுக்கு நடந்தபோது இரண்டு முறை அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

டெக்வென் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் வெல்ஷ் பேசும் மலையூரான ரோஸ்கெரிக்கின் ஒரே தெருவில்தான். பன்னிரண்டாம் நம்பர் வீட்டிலிருந்து முப்பத்தொன்றாம் நம்பர் வீட்டுக்கு வந்தாள், அவ்வளவுதான் தூரம். அவளுடைய அப்பா சிலேட்டுக் குவாரியில் கல் பிளந்தவர். கணவன் இட்வால் அதே குவாரியில் பம்ப் ஓட்டியவன். ஊரில் பாதிப் பேருக்கு ஒரே பெயர் என்பதால் ஒவ்வொருவருக்கும் தொழிலே அடைமொழி. அவன் பம்ப் இட்வால். கல்யாணமான மறுநாளிலிருந்து அவள் பம்ப் டெக்வென்.

மலையை நூறு வருஷம் குடைந்த பள்ளம் அது. நாலு பக்கமும் செங்குத்தான சுவர். இரவும் பகலும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். பம்ப் ஓடினால்தான் கீழே ஆள் நிற்க முடியும். இட்வால் ஒரு நாள் படுத்துவிட்டால் நாற்பது பேருக்கு வேலை கிடையாது. குவாரியை மூடிய வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் எல்லாரும் மேலே ஏறி வந்த பிறகு, பம்ப்பை நிறுத்தியவனும் அவன்தான். வீட்டுக்கு வந்து கை கழுவினான், ஆட்டிறைச்சிக் கூட்டைச் சாப்பிட்டான், காலி தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு தண்ணீர் ஏறியது. ஒவ்வொரு ஞாயிறும் சேப்பல் முடிந்ததும் இட்வால் பாதை ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். "நாலாம் படி போச்சு" என்பான். "உங்கப்பா உக்காந்து கல் பிளந்த கொட்டகையும் போச்சு." மூன்று வருஷத்தில் எல்லாம் போயிற்று. மேலே தெரிந்தது நீலம் மட்டும்தான். சிலேட்டுத் தூள் மிதக்கும் தண்ணீருக்கு வெயில் பட்டால் அப்படி ஒரு நிறம். அதே தூள் நெஞ்சில் சேர்ந்து, ஐம்பத்து மூன்றாவது வயதில் இட்வாலும் போனான்.

ஊரில் யாரும் அதைக் குளம் என்று சொன்னதில்லை. குழி, அவ்வளவுதான். யாரும் அதில் இறங்கினதும் இல்லை. ஒரு முறை பண்ணைக்கார க்ரிஃபித்தின் நாய் ஆட்டைத் துரத்திக்கொண்டு போய் உள்ளே விழுந்துவிட்டது. நல்ல நீச்சல் நாய். சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி நீந்தியது. வழுவழுப்பான கல், நகம் பதிய ஒரு கீறல்கூடக் கிடையாது. மேலே கயிறோடு ஆறு ஆண்கள் நின்றார்கள். இரண்டு முழம் கீழே போனால் ஜூலையிலும் அது ஜனவரித் தண்ணீர். நாய் எட்டுச் சுற்று வந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இட்வாலுக்குப் பிறகு டெக்வென் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். பிள்ளை கிடையாது. பக்கத்து வீடு காலியானபோது அதையும் வாங்கி, நடுச்சுவரை இடித்து, நாலு அறை ஒழுங்கு பண்ணினாள். ஆட்கள் தங்க ஆரம்பித்தார்கள். சத்தமாகச் சிரிக்கிறவள், தாராளமாகச் சாப்பாடு போடுகிறவள். ஒருமுறை வந்தவர்கள் மறு வருஷமும் வந்தார்கள். நெஸ்டா எழுதிய தாள் பிளாஸ்டிக் உறைக்குள் நாலு கட்டிலுக்குப் பக்கத்திலும் இரண்டு வருஷம் இருந்தது.

தொண்ணூற்றாறு ஜூலையில் தொடர்ந்து மூன்று நாள் நல்ல வெயில். அங்கே அப்படி அமைவது அபூர்வம். ஆலிசன் ட்ரான்டர் என்ற பெண் இரண்டு தோழிகளோடு வந்து தங்கியிருந்தாள். வுல்வர்ஹாம்ப்டனில் பள்ளி ஆசிரியை, இருபத்து நாலு வயது. மூன்றாம் நாள் காலை, ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே அவள் என்னவோ கேட்டாள். வேகமான இங்கிலீஷ். குளம், நீலம் என்பது டெக்வென் காதில் விழுந்தது. "எஸ், எஸ். லவ்லி" என்றாள். மூவரும் கிளம்பும்போது கக்கத்தில் சுருட்டிய துண்டு இருந்ததையும் பார்த்தாள். பாதையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போகிறார்கள் என்று நினைத்தாள். துண்டோடு போகிறவர்கள் கடலுக்குத்தான் போவார்கள். ரோஸ்கெரிக்கில் பிறந்த யாருக்கும் வேறு எதுவும் தோன்றியிருக்காது.

பதினொரு மணிக்குத் தோழிகளில் ஒருத்தி, காலில் செருப்பில்லாமல் பாதையில் ஓடி வந்தாள். ஆண்கள் கயிறு எடுத்துக்கொண்டு ஏறினார்கள். நாய்க்குக் கயிறு பிடித்தவர்களில் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். ஆலிசனைத் தேடி எடுக்க முக்குளிப்பவர்கள் மறுநாள் காலைதான் வர முடிந்தது. டெக்வென் அவர்களுக்கு டீ போட்டுப் பாதி மலைவரை சுமந்துகொண்டு போனாள். மேலே போகவில்லை.

நெஸ்டா கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "போலீஸ்காரர் அந்தத் தாளை எடுத்துட்டுப் போயிருக்கார்."

"எந்தத் தாள்?"

"உனக்குத் தெரியும் எந்தத் தாள்னு."

"அம்மா, நான் போய்ச் சொல்லிடறேன்."

"என்ன சொல்லுவ? பதினேழு வயசுல நீ எழுதிக் குடுத்த. உன்னை யாரும் கேக்கல. கேக்காததுக்கு நீயாப் போய் வாயைத் திறக்க வேண்டாம்."

நெஸ்டா வாயைத் திறக்கவில்லை. சும்மா இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அது எவ்வளவு எளிது என்று அந்தக் கோடையில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து தன்மேல் அவளுக்கு ஒரு கசப்பு.

மரண விசாரணை அக்டோபரில் நடந்தது. டெக்வென் வெல்ஷில் பேசுகிறேன் என்று கேட்டுக்கொண்டாள், அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஒரு மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசி வரிசையில் இருந்த நெஸ்டாவுக்கு ஒவ்வொரு பதிலும் இரண்டு முறை கேட்டது. ஒரு முறை டெக்வென் குரலில், இன்னொரு முறை எந்தச் சூடும் இல்லாத இங்கிலீஷில்.

அதிகாரி தாளை உயர்த்திக் காட்டினார். "இதை எழுதியது யார்?"

"நான்."

"இங்கிலீஷிலும் நீங்களேதானா?"

"ஆமாம்."

"நன்றாக எழுதியிருக்கிறீர்கள்."

அறையில் இருந்த ரோஸ்கெரிக்காரர்கள் ஏழு பேர். பம்ப் டெக்வென் இங்கிலீஷில் ஒரு வாழ்த்து அட்டைகூட எழுதமாட்டாள் என்று ஏழு பேருக்கும் தெரியும். ஏழு பேரும் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தத் தண்ணீர் இன்வைட்டிங் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பொருளில்?"

"பார்க்க நன்றாக இருக்கும் என்ற பொருளில்."

"இறங்கிக் குளிக்கலாம் என்று ஒருவர் எடுத்துக்கொள்வார் என்று தோன்றவில்லையா?"

"எங்கள் ஊரில் யாரும் அதில் இறங்குவதில்லை."

"அது இந்தத் தாளில் இல்லையே."

"இல்லை."

"ஏன் எழுதவில்லை?"

"எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

அது இங்கிலீஷில் வந்து விழுந்தபோது, முன்வரிசையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்த ஒரு பெண்மணி முதன்முறையாகத் தலை நிமிர்ந்து டெக்வெனைப் பார்த்தாள். ஆலிசனின் அம்மா அவள்.

யார்மேலும் குற்றமில்லை, விபத்து என்று தீர்ப்பாயிற்று. அந்த வாரத்துக்குள் மிசஸ் பாரி தன் வீட்டுத் தாளைத் திரும்ப அச்சடித்தாள். மூன்று இடத்திலும் அந்தச் சொல் இல்லை. டெக்வென் வாசல் போர்டைக் கழற்றி நிலக்கரிக் கொட்டகையில் சாய்த்து வைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வெளியாள் யாரும் தங்கவில்லை.

மறு வருஷம் வெயில் தலைகாட்டிய முதல் நாள், அவள் ஒரு மடக்கு நாற்காலியையும் டீ ஃபிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு பாதை ஏறினாள். குழிக்குப் போகும் வேலிக் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை அங்கேயே இருந்தாள். அடுத்த வெயில் நாளும் போனாள். நீலம் இருக்கிற நாளெல்லாம் அவள் அங்கே இருப்பாள், மழை நாளில் வீட்டில் இருப்பாள். ஆறு கோடை இப்படிப் போயிற்று.

மேலே வருகிறவர்களிடம் அவள் இங்கிலீஷிலேயே பேசினாள். வேண்டாம், குளிர், சாவு என்பதற்கு மூன்று சொல். "நோ. கோல்ட். டெட்." சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு கூட்டம் அவளைக் கிழட்டுச் சூனியக்காரி என்று கூப்பிட்டு, நாற்காலியைச் சுற்றி ஆடிவிட்டு வேலி தாண்டப் போனது. அவள் எழுந்து அவர்களுக்கு முன்னால் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் அலுத்துப்போய் இறங்கும்வரை கையை எடுக்கவில்லை. அன்றைக்கு உள்ளங்கை கிழிந்து நாலு தையல் போட வேண்டியிருந்தது.

ஊர்க்காரர்களும் சும்மா விடவில்லை. தபாலாபீஸ் வரிசையில் ஒருத்தர் கேட்டார். "என்ன டெக்வென், மேல டிக்கெட் கிழிக்கறியாமே?"

"ஆமா. திரும்பிப் போற டிக்கெட் மட்டும்தான் இருக்கு. உனக்கு ஒண்ணு வேணுமா?"

நெஸ்டா அந்த வரிசையில் நாலாவது ஆளாக நின்றிருந்தாள். மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். படிப்பு முடித்து, மாவட்ட அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்திருந்தாள் அப்போது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் டெக்வெனிடம் போவாள். சந்தையில் ஆட்டு ரோமத்தின் விலை நிலவரம், சேப்பல் கூரை ஒழுகுவது என்று எல்லாம் பேசுவார்கள். தாளைப் பற்றி இருவருமே பேசவில்லை. பல தடவை நெஸ்டா வாக்கியத்தை மனசுக்குள் முழுக்கத் தயார் செய்துகொண்டு போனாள். கதவைத் திறந்ததும் டெக்வென் "கால் துடை, கண்ணு" என்பாள். அதோடு அது போய்விடும்.

ஏழாவது வருஷம் ஜனவரியில் நெஸ்டாவின் அலுவலக மேசைக்கு ஒரு வேலை வந்தது. மாவட்டத்தில் தண்ணீர் நிறைந்த குவாரிகளுக்கெல்லாம் எச்சரிக்கைப் பலகை வைக்கப் போகிறார்கள். இங்கிலீஷ் வாசகம் தயார், வெல்ஷ் மட்டும் வேண்டும். முதல் வரியைப் படித்ததும் அவள் தாளைக் கீழே வைத்துவிட்டாள். இந்தத் தண்ணீர் இன்வைட்டிங்காகத் தோன்றலாம், ஆனால், என்று அது ஆரம்பித்தது.

மேலதிகாரி ஹூ பக்கத்து மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வார்த்தையை எடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

"எதை? அதுவா? நல்லாத்தானே இருக்கு. பின்னாடிதான் ஆனால்னு போட்டிருக்கே."

"படிக்கறவங்க அந்த ஆனால் வரைக்கும் போகமாட்டாங்க."

"நெஸ்டா, எல்லாக் குவாரிக்கும் ஒரே வாசகம். இருபது போர்டு அடிச்சாச்சு. இங்கிலீஷ் பக்கத்தை நான் தொட முடியாது. வெல்ஷ் உன் பாடு. நாலு வரி கேட்டா நீ எப்பவும் மூணுதான் குடுப்ப, அதுக்கு நான் ஏதாவது சொன்னேனா?"

அவள் இரண்டு வரி கொடுத்தாள். தண்ணீர் ஆளைக் கொல்லும் குளிர். ஏறி வர வழி கிடையாது.

அந்தச் சனிக்கிழமை அதை எழுதி எடுத்துக்கொண்டு டெக்வெனைப் பார்க்கப் போனாள். டெக்வெனுக்கு இதயம் பெருத்துவிட்டது. மாடி ஏற முடியாததால் கட்டிலை முன்னறையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கால் இரண்டும் வீங்கி, போர்வைக்குள் மூட்டை மாதிரி இருந்தன. அறுபத்து மூன்று வயதுதான். ஜன்னலோரம் அந்த மடக்கு நாற்காலி சாய்த்து வைத்திருந்தது.

நெஸ்டா இரண்டு வரியையும் படித்துக் காட்டினாள்.

"நல்லா இருக்கு" என்றாள் டெக்வென். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கினாள். "இனிமே கோடைக்கு நான் போக முடியாது. போர்டாவது நிக்கட்டும். இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கு?"

நெஸ்டா சொன்னாள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது.

டெக்வென் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மறுபடியும் அதேவா" என்றாள்.

"ஆன்ட்டி, அன்னிக்குக் கோர்ட்டுல..." ஆறு வருஷமாகத் தயார் செய்த வாக்கியத்தில் அவ்வளவுதான் வந்தது.

"என் வீடு. என் தாள். வெல்ஷ்ல நான் எழுதினப்பவே அதுல ஒரு வரி குறைஞ்சிருந்துது. நீ போட்டது ஒரு வார்த்தை. நான் போடாதது ஒரு வரி. அன்னிக்குக் காலையில அந்தப் பொண்ணு கேட்டப்போ லவ்லின்னு சொன்னது யாரு? அது எனக்கு அர்த்தம் தெரிஞ்ச வார்த்தை."

நெஸ்டா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

"அந்த டீ டப்பாவை எடு. சிவப்பு."

டப்பாவில் டீ இல்லை. ஒரு கடிதம் இருந்தது. மார்ஜரி ட்ரான்டர் என்ற கையெழுத்து, விசாரணைக்கு அடுத்த வருஷத் தேதி. மடிப்பு தேய்ந்து கிழியும் நிலையில் இருந்தது. நெஸ்டா படித்தாள். கோபம் எதுவும் அதில் இல்லை. கடைசியாக என் மகளுக்கு மேசையில் சாப்பாடு போட்டது நீங்கள்தான், அன்று காலை அவள் என்ன சாப்பிட்டாள், உங்களிடம் என்ன கேட்டாள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று மட்டும் எழுத முடியுமா என்று கேட்டிருந்தாள்.

"பதில் போடலையா, ஆன்ட்டி?"

"எந்த இங்கிலீஷ்ல போடறது? அகராதியை வெச்சுக்கிட்டு ஒரு வாரம் உக்காந்தேன். முட்டை, ரொட்டி வரைக்கும் எழுதிட்டேன். அதுக்கு மேல பேனா நின்னுடுச்சு." மூச்சு சீராகும்வரை கண்ணை மூடிக்கொண்டாள். "உன்னைக் கேக்கலாம்னு ஒவ்வொரு தடவை நீ வரும்போதும் நெனைப்பேன். கதவைத் திறந்து உன் முகத்தைப் பாத்ததும் வேண்டாம்னு விட்டுடுவேன்."

நெஸ்டா கைப்பையைத் திறந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். மடியில் நோட்டை விரித்து, மேலே தேதியை எழுதினாள்.

டெக்வென் கையை நீட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் தையல் போட்ட தழும்பு சொரசொரவென்று இருந்தது.

"நான் வெல்ஷ்ல சொல்றேன், நீ இங்கிலீஷ்ல எழுது. லவ்லின்னு சொன்னேன்னு எழுது, துண்டைப் பாத்தேன்னு எழுது. நான் சொல்றதை மட்டும் எழுது, கண்ணு. நல்லா போட்டு எழுதாதே."